கிழவியின் வலப்பக்கம்

நூம்பலில் இருந்து ஆவடி வரைக்கும், ஆவடி தாண்டி நெமிலிச்சேரி வரைக்கும், என்னை மாதிரி குதிரை ஓட்டத் தெரிந்த ஆள் கிடையாது. ஒரு குதிரையைப் பார்த்தவுடனே அதன் மனசைப் படித்துவிடுவேன்.

பொய். பஸ் போர்டையே நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இதில் குதிரை மனசு எங்கே. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கை கழுவியது, நானும் பதிலுக்குக் கழுவிவிட்டேன். குதிரையை ஓட்டினேன் என்பதும் பொய்தான். எங்கள் பெட்டைக் குதிரை போகிற இடத்துக்கெல்லாம் நான் மேலே உட்கார்ந்து கூடப் போயிருக்கிறேன். முதல் தடவை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏறினேன். அவள் ஒரே ஒரு அடி முன்னால் வைத்தாள். நான் நாற்காலியிலும் இல்லை, குதிரையிலும் இல்லை. எதிர் டீக்கடைக்காரர் இன்று வரைக்கும் எனக்கு டீ கொடுக்கும்போது நாற்காலி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்.

முதலாளி வேலப்பன்சாவடி பக்கம் கல்யாண ஊர்வலச் சாமான்களை வாடகைக்கு விடுகிறவர். சாரட்டு, பட்டுக்குடை, சீரியல் செட்டு, ஜெனரேட்டர், ரெண்டு குதிரை. குதிரைகளுக்கு நூம்பலில் ஒரு தகர ஷெட். நான் ஊர்வலத்தில் டியூப் லைட் தூக்குகிற ஆளாகத்தான் சேர்ந்தேன். என் அப்பா அம்மா நூம்பலில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டார்கள். அந்த வயலில் இப்போது பிளாட்டுக் கல் நட்டிருக்கிறது. நான் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் டியூப் லைட்டை நட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் எதையாவது நட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்.

குதிரைக்காரர் திடீரென்று அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். அங்கே யாரும் கடிப்பதில்லை என்று காரணம் சொன்னாராம். முதலாளி சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் நின்றது நான்தான். குதிரை என்றால் பயமா என்று கேட்டார். இல்லை என்றேன். அதுவும் பொய்.

ரெண்டு குதிரையில் ஒன்று சாது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்னொன்று பெட்டைக் குதிரை, வெள்ளை. வெள்ளை என்பது முதலாளி பார்ட்டிகளிடம் சொல்வது. கிட்டத்தில் பார்த்தால் உடம்பெல்லாம் மிளகு தூவிய மாதிரி புள்ளி. வயசு கேட்டால் முதலாளி குறைத்துச் சொல்வார், அவள் வாயைத் திறந்து பல்லைக் காட்டி உண்மையைச் சொல்லிவிடுவாள். எல்லாரும் கிழவி என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் வாயில் அது கெய்வி.

ஆனால் கிழவிக்கு இருந்த திமிர் எந்தக் குமரிக்கும் இருக்காது. குடையைக் கண்டால் ஆகாது. ஹெல்மெட்டைக் கண்டால் ஆகாது. மல்லிகைப் பூவைக் கண்டால் மட்டும் ஆகும். அது யார் தலையில் இருந்தாலும் சாப்பிட்டுவிடுவாள். திருவேற்காட்டில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தைக்குப் பின்னால் போய் நின்று, முழு சரத்தையும் மென்று முடித்த பிறகுதான் அந்த அம்மாவுக்கே தெரிந்தது. மேளம் கேட்டால் போதும், முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடுவாள். பேண்டு செட்டுக்கு ஏனோதானோ என்று ஆடுவாள். தோல் மேளத்துக்கு உயிரைக் கொடுத்து ஆடுவாள். பழைய குதிரைக்காரர் வீடு மேளக்காரர்கள் இருக்கிற தெருவில். அங்கே வைத்துத்தான் அவளுக்கு ஆட்டம் பழக்கியிருக்கிறார்.

ஊர்வலம் இல்லாத நாளில் குதிரையைச் சும்மா கட்டி வைக்கக் கூடாது, கால் பிடித்துக்கொள்ளும். தினமும் காலையில் ஏறிச் சுற்றி வர வேண்டும். நான் தினமும் காலையில் ஏறினேன், தினமும் காலையில் விழுந்தேன். எம் சாண்ட் குவியலில் விழுந்தேன். பிளாட்டுக் கல் மேல் விழுந்தேன். ஒரு தடவை காலி மனையை விலை பேசிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு நடுவில் விழுந்தேன். அந்த மனை விலை போகவில்லை என்று கேள்வி.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான் விழுந்தால் அவள் ஓட மாட்டாள். ரெண்டு அடி தள்ளி நின்று, எழுந்து வருகிறேனா என்று பார்ப்பாள். எழுந்து வந்தால் கடிப்பாள்.

ராத்திரி என் பொண்டாட்டி இடுப்பில் எண்ணெய் தேய்த்துவிடுவாள். ஒரு நாள் தேய்த்துக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இன்னாயா நீ, எப்பப் பாரு சோத்தாங்கை பக்கமே வுயுற?"

எனக்கு அது அதுவரைக்கும் தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போய் கிழவியின் வலது கண்ணுக்கு நேராகக் கையை ஆட்டினேன். அவள் கொள்ளுத் தின்றுகொண்டே இருந்தாள். இன்னும் கிட்டத்தில் ஆட்டினேன். இமை அசையவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் கண்ணுக்குள் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒரு படலம்.

வலது பக்கம் அவளுக்கு உலகமே இல்லை. அந்த இல்லாத உலகத்தில் இருந்து பஸ்ஸும், நாயும், குடையும் திடீர் திடீரென்று மூக்குக்கு முன்னால் முளைத்தால் அவள் என்ன செய்வாள். இடது பக்கம் துள்ளுவாள். அவள் இடது பக்கம் போனால் நான் எங்கே போவேன். வலது பக்கம்தான். இத்தனை நாள் திமிர் என்று நினைத்தோம். அது பயம்.

குதிரையை எல்லாரும் இடது பக்கம் நின்றுதான் நடத்திப் போவார்கள். அன்றைக்கு நான் பக்கத்தை மாற்றினேன். வலப்பக்கம் நடந்தேன், கழுத்தில் கையை வைத்துக்கொண்டு. ஏறி உட்கார்ந்தால் அவளுக்கு வருகிறதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். பஸ்ஸு வருது கெய்வி. ஷேர் ஆட்டோ, ஒன்னும் பண்ணாது. லாரி, பெருசு, நில்லு. நான் பஸ் கண்டக்டர் ஆகியிருக்க வேண்டியவன் என்று டீக்கடையில் சொன்னார்கள். ஆனால் விழுவது நின்றது. கடிப்பதும் கொஞ்ச நாளில் நின்றது, அல்லது மெதுவாகக் கடித்தாள்.

கண் போனதில் இருந்து அவள் வண்டியில் ஏற மாட்டாள். எங்கள் ஊரில் அந்தச் சின்ன சரக்கு வண்டிக்குப் பெயர் குட்டி யானை. குட்டி யானைக்குள் கிழட்டுக் குதிரை ஏற மாட்டேன் என்றால் என்ன செய்வது. ஆவடியில் கல்யாணமா, பட்டாபிராமில் கல்யாணமா, நான் அவள் மேல் ஏறித்தான் போய்ச் சேர்ந்தேன். முதலாளியிடம் கண் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கணக்குப் பார்ப்பவர். கல்யாணப் பார்ட்டியிடம் இருந்து இன்னும் ஒரு புகார் வந்தால் புரோக்கரிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் புரோக்கரிடம் நான் ஒரு நாள் கேட்டேன், வாங்கிப் போகிற கிழட்டுக் குதிரையெல்லாம் எங்கே போகிறது என்று. நல்ல இடம் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டி டயரைப் பார்த்தார்.

புகார் நெமிலிச்சேரியில் வந்தது.

மாப்பிள்ளை வீடு ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருக்கிற குடும்பம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பொண்ணு வீடு நெமிலிச்சேரி. சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே மாப்பிள்ளை ஊர்வலம். நான் வழக்கம்போல வலப்பக்கம் நின்றேன். வீடியோ எடுக்கிறவர் வந்து, ஃபிரேமில் என் தலை வருகிறது, அந்தப் பக்கம் போங்கள் என்றார். குதிரைக்குக் கண் தெரியாது என்று மாப்பிள்ளையை மேலே வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. என் தலையால் ஒருத்தர் கல்யாண வீடியோ கெடக் கூடாது என்று இடது பக்கம் போனேன்.

சோடா குடிக்க பேண்டு செட்டு நின்றது. அந்த நேரம் பார்த்து வலது பக்கத் தெருவில் இருந்து ஒரு சாவு வந்தது. பூப்பல்லக்கு வண்டி, முன்னால் தோல் மேளம், நெருப்பில் நன்றாகக் காய்ச்சிய மேளம். கிழவிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது, காது மட்டும்தான். காது திரும்பியது. கழுத்து திரும்பியது. நான் கடிவாளத்தைப் பிடிப்பதற்குள் அவள் மொத்தமாகத் திரும்பி, சாவு மேளத்துக்கு முன்னால் போய் நின்று ஆட ஆரம்பித்துவிட்டாள். மேலே மாப்பிள்ளை, கோட்டு, தலைப்பாகை, கழுத்தில் ரோஜா மாலை.

இழுத்திருக்கலாம். இழுத்தால் அவள் ரெண்டு காலில் எழும்புவாள், மாப்பிள்ளை தார் ரோட்டில் விழுவார். நான் ஓடிப்போய் வலப்பக்கம் சேர்ந்துகொண்டு, கழுத்தில் கை வைத்து, கூடவே நடந்தேன். சாவு வீட்டுக்காரர்கள், சொந்தத்தில் யாரோ குதிரைக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். மேளம் இன்னும் ஏறியது. செத்தவர் வாழ்ந்து முடித்த மனிதர், ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்தவர். அவர் மகன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குதிரைக்கு முன்னால் அழுதுகொண்டே ஆடினார். வாசலில் நின்ற செத்தவர் சம்சாரம், அதுவரைக்கும் ரெண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்த அம்மா, நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"ராஜா மாரி போறாருமா."

நான் மாப்பிள்ளையை அண்ணாந்து பார்த்து, நிறுத்துகிறேன், இறங்கிவிடுங்கள் என்றேன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"வேண்டாம்ணே. பாதில எறங்குனா அவங்க மனசு கஷ்டப்படும்."

தெருமுனை வரைக்கும் அப்படியே போனோம். அங்கே கல்யாணக் கூட்டம் ஓடி வந்து எங்களைப் பிடித்தது. மாப்பிள்ளையை இறக்கி, மண்டபத்துப் பின்பக்கம் கொண்டுபோய் கோட்டோடு நிற்க வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். சாவுக்குப் போனால் குளிக்காமல் உள்ளே போக முடியாதே. வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அவருடைய அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்துக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றார்.

"எம்மவன் கல்யாணத்துக்குன்னு குதிரை கேட்டேன். நீ அவன சாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டியேய்யா."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்தில் கல்யாணம் நல்லபடியாக நடந்ததாக வீடியோக்காரர் போன் பண்ணிச் சொன்னார். அதே காலையில் ஷெட் வாசலில் புரோக்கரின் வண்டி நின்றது. பலகையைச் சாய்த்து வைத்து, ரெண்டு பேர் இழுத்தார்கள். கிழவி நாலு காலையும் ஊன்றி நின்றாள். பின்னால் இருந்து தட்டினார்கள். ஒரு உதை விட்டாள், பலகை பிளந்தது. முதலாளி என்னைப் பார்த்தார்.

"நீ கூப்ட்டா ஏறுவாடா. கூப்டு."

அது உண்மை. நான் வலப்பக்கம் நின்று, கழுத்தில் கையை வைத்து, வா கெய்வி, ஒன்னும் பண்ணாது என்று சொன்னால் அவள் ஏறுவாள். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த கண்ணே நான்தான். அந்தக் கண்ணை வைத்தே அவளை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

எனக்கு எதற்கும் ஒரு நக்கல் வாயில் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை.

"நான் கூப்ட மாட்டேன் மொதலாளி."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கண் தெரியாத குதிரை, இனிமேல் எந்தக் கல்யாணக்காரனும் வாசலில் சேர்க்க மாட்டான், தீனி யார் போடுவது என்று கேட்டார். புரோக்கர் கயிறும் ஆளும் கொண்டுவருகிறேன், சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளியும் கடைக்குப் போனார்.

நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறினேன்.

எங்கே போகிறோம் என்று ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. கிழவியைப் பார்த்து யாரும் முகம் சுளிக்காத ஒரு இடத்தை நான் முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பருத்திப்பட்டு. வழியெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன், பஸ்ஸு, லாரி, தண்ணி வண்டி, ஸ்கூல் வேனு. ஆவடி வருவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. காலை நேரம், தொழிற்சாலைக்குப் போகிற வண்டியெல்லாம் ஒன்றாகச் சேர்கிற இடம். என் வாயில் இருந்து காற்று மட்டும்தான் வந்தது. முடிந்தது, இங்கே எங்கேயோதான் விழப்போகிறேன் என்று வலது இடுப்பைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

பஸ் ஒன்று வலது பக்கம் உரசிக்கொண்டு ஹாரன் அடித்துப் போனது. கிழவி துள்ளவில்லை. அவளுடைய வலது காது பின்பக்கம் திரும்பி என் மேல் இருந்தது. என் முட்டி அவள் விலாவில் இறுகினால் நின்றாள், இளகினால் நடந்தாள். இத்தனை நாள் நான் கத்தியதையெல்லாம் அவள் கேட்டாளோ இல்லையோ, என் காலைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். ஆவடி தாண்டும் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடரி மயிருக்குள் கையை விட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையில் நான் குதிரை ஓட்டினேன் என்று சொல்லலாம் என்றால் அந்தக் கொஞ்ச தூரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

நெமிலிச்சேரியில் அந்த வீட்டில் பால் தெளித்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நேற்று அடித்த மேளக்காரரும் இருந்தார், நெற்றியில் பட்டையும் காதில் பீடியுமாக. குதிரையைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். நேற்று வந்தது யாரும் சொல்லி அனுப்பிய குதிரை இல்லை, கண் தெரியாமல் தப்பாக வந்துவிட்டது, மன்னிச்சிக்கோங்க என்று கட்டின தொண்டையால் சொன்னேன். அப்புறம், இதுக்கு உங்ககிட்ட ஏதாவது வேலை கீதா என்று மேளக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்தே, பொணத்துக்கு குதிரையா?"

அந்த அம்மா உள்ளே போய், ஒரு அலுமினியக் குண்டானில் சோறு கொண்டுவந்தார். வலப்பக்கமாக வந்தார். நான் தடுக்கப் போனேன். கிழவி மோந்து பார்த்து, வாயை வைத்தாள். அந்த அம்மா அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு மேளக்காரரைப் பார்த்தார்.

"சிரிக்காத நைனா. நேத்து இது ஆடுனப்பதான் எனுக்கு அயுகை நின்னுது."

மேளக்காரர் காதில் இருந்த பீடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, இனி சாவுக்கு இவளை வாடகைக்குப் பேசலாம் என்று, பஞ்சர் கடைக்காரர் மகனை என்னிடம் முதலாளி நம்பர் வாங்கச் சொன்னார்.

முதலாளிக்கு மனசு இளகியதா, புது வியாபாரம் தெரிந்ததா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. சாயங்காலம் புரோக்கர் கயிறோடு வந்து, கயிறோடு போனார். கல்யாணச் சாமான் கிட்டே அவள் வரக்கூடாது, ஷெட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டு, போகிற வழியும் தனியாக வைத்துக்கொள் என்று மட்டும் முதலாளி சொன்னார்.

அதற்குப் பிறகு கிழவியும் நானும் சாவுக்குப் போகிறவர்கள். வயசாகிப் போனவர்கள் சாவு என்றால் கூப்பிடுவார்கள். சின்ன வயசுச் சாவுக்கு நாங்களே போக மாட்டோம், அங்கே மேளமும் இருக்காது. என்னோடு டியூப் லைட் தூக்கியவர்கள் இப்போது ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க மாட்டார்கள், தள்ளி உட்காருவார்கள். எனக்குப் பெஞ்சு முழுக்கக் கிடைக்கிறது. வீட்டுக்குப் போனால் பொண்டாட்டி வாசலிலேயே நிறுத்தி, குளித்தாயா என்பாள். ஷெட்டுக் குழாயடியில் கிழவியோடு ஒரே பைப்பில் குளித்துவிட்டுத்தான் போகிறேன். முதலில் அவளுக்கு, பிறகு எனக்கு. அந்தத் தண்ணீரில் நிற்கும்போது அவள் தலையை என் தோளில் வைத்துக்கொள்வாள். கனமான தலை. நான் நகர மாட்டேன்.

இதை அண்ணனூரில் ஒரு பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து போனில் எழுத்துக் கூட்டித் தட்டுகிறேன். உள்ளே சொந்தக்காரர்கள் மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிழவி வேப்ப மரத்தடியில் நிற்கிறாள். போன மாசம் மாட்டு டாக்டர் பார்த்தார். இடது கண்ணிலும் கஞ்சித் தண்ணீர் இறங்குகிறது என்றார்.

இனி நான் அவளுக்கு ரெண்டு பக்கமும் நடக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு உடம்பு, அதுவும் வலது இடுப்பு சரியில்லாத உடம்பு. யோசித்து யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். மேளக்காரரிடம் ஒரு பழைய தப்பு மேளத்தைக் கேட்டு வாங்கினேன். அதை நானே அடித்துக்கொண்டு முன்னால் நடந்தால், ரெண்டு கண்ணும் போனாலும் அவள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வருவாள் இல்லையா. காலையில் ஆளில்லாத மனைப்பக்கம் போய்ப் பழகுகிறேன். முதல் நாள் நான் அடித்த அடியில் தெரு நாயெல்லாம் வந்துவிட்டது. கிழவி காதை மடக்கிக்கொண்டு, கடித்து ரொம்ப நாளாயிற்று என்று ஞாபகம் வந்த மாதிரி என்னைப் பார்த்தாள். நேற்றுக் காலையில் அவள் கண் ரெண்டையும் என் துண்டால் மூடிக் கட்டினேன். பத்தடி தள்ளிப் போய் நின்று அடித்தேன். அவள் அசையவில்லை. மறுபடி அடித்தேன். ஒரு காது திரும்பியது. அப்புறம் அவள் முன்னங்காலை மெதுவாக

"அண்ணாத்தே, எடுக்கறாங்க. கெய்விய இட்டுனு வா."

மேளக்காரர் கூப்பிடுகிறார். மேளத்தை நெருப்பில் காட்டி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார். வேப்ப மரத்தடியில் அவள் காது திரும்பிவிட்டது. அவளுடைய வலப்பக்கம் யாரும் இல்லை. நான் போகிறேன்.